சிலுவையில் தீர்ந்தது யாருடைய கணக்கு?

பள்ளத்தூர் வாசகர் கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். காலையில் திருநீறு பூசாமல் வாசலில் இறங்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கிறிஸ்தவர்கள் நடத்திய பள்ளியில் படித்ததால் இயேசுவின் வரலாறும் அவர் சொன்ன உவமைகளும் எனக்கு ஓரளவு பழக்கமானவை. மலைப்பிரசங்கத்தை இன்றும் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன். ஆனால் அந்தச் சமயத்தின் நடுப்பொருளாகச் சொல்லப்படும் சிலுவை மட்டும் எனக்கு விளங்கவேயில்லை. அண்மையில் நடந்த ஒரு செய்தி அதை வெறும் அறிவுக் கேள்வியாக வைத்திருக்க முடியாமல் செய்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பச்சியோடு கூட்டாகத் தொழில் செய்த ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன்பு கணக்கை மறைத்துப் பெருந்தொகையை எடுத்துக்கொண்டு விலகிப் போனார். வெளியில் வாங்கியிருந்த கடனை அடைப்பதற்கு ஆத்தா சீராகக் கொண்டுவந்த நகைகளும் வெள்ளிச் சாமான்களும் போயின. பிறகு வளவு வீட்டில் எங்களுக்கு இருந்த பங்கும் போயிற்று. அப்பச்சி தம் கையால் எழுதிய பேரேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அந்த மனிதரின் பெயருக்குரிய பக்கத்தில் மட்டும் நிலுவைத் தொகைக்குக் கீழே கோடு இழுக்கப்படவில்லை. அவர் இப்போது கிறிஸ்தவராகிவிட்டார் என்றும், ஒரு ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, 'என் பாவக்கடன் முழுவதையும் இயேசு சிலுவையில் தீர்த்துவிட்டார். இனி என்மேல் எந்தக் கணக்கும் இல்லை' என்று சாட்சி சொன்னார் என்றும் அங்கிருந்த உறவினர் ஒருவர் வந்து சொன்னார். எங்களுக்கு அவர் இன்றுவரை ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவரவர் செய்த வினை அவரவரைச் சேரும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவர் தண்டனை பெற்றால் அதை நீதி என்று எப்படிச் சொல்வது என்பது புரியவில்லை. அதிலும், ஒரு தந்தை தம் கோபம் தணிவதற்காகத் தம் மகனையே சாகக் கொடுத்தார் என்று கேட்கும்போது மனம் ஒப்பவில்லை. மன்னிக்க விரும்பும் கடவுள் நேராக மன்னித்துவிட்டுப் போகலாமே. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்களை ஏமாற்றியவரை எங்களைக் கேட்காமலே கடவுள் மன்னித்துவிட்டார் என்றால், ஏமாந்தவர்களுக்கு அந்தக் கடவுளிடம் என்ன இடம் இருக்கிறது? வாதம் செய்வதற்காகக் கேட்கவில்லை. இந்த நம்பிக்கையை உள்ளிருந்து அறிந்தவர்கள் நிதானமாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காரைக்குடி சபை ஊழியர் எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வியில் கடைசியாக நிற்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராமல் மற்றவற்றைப் பேசினால், புண்ணுக்கு மருந்திடாமல் மருந்தின் பெருமையைப் பேசியதாகிவிடும்.

அந்த மனிதர் சொன்ன சாட்சியை வேதாகமம் ஏற்காது என்று எவ்விதத் தயக்கமும் இன்றிச் சொல்கிறேன். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். தன்னை நம்பி ஒப்படைத்த பொருளிலோ கூட்டுக் கொடுக்கல்வாங்கலிலோ அயலானை வஞ்சித்தவன், முதலைத் திருப்பிக் கொடுப்பதோடு அதன் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவனிடம் செலுத்த வேண்டும். அதோடுதான் அவன் குற்றநிவாரண பலியைக் கொண்டுவர வேண்டும். இயேசுவும் மலைப்பிரசங்கத்தில் இதையே இன்னும் நெருக்கமாகச் சொன்னார். பலிபீடத்துக்கு முன்பாகக் காணிக்கையோடு நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்றார். எரிகோவில் வரி வசூலித்துச் செல்வந்தனான சகேயுவின் வீட்டுக்கு அவர் போனபோது, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துகிறேன் என்று சகேயு எழுந்து நின்று சொன்னான். அதைக் கேட்டபிறகே இயேசு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். பணத்தைக் கொடுத்துச் சகேயு இரட்சிப்பை விலைக்கு வாங்கவில்லை என்பது உண்மை. இரட்சிப்பு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டின் பணப்பெட்டியும் திறக்கும் என்பதும் அதே அளவு உண்மை.

சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்வன் எதையும் திருப்பிக் கொடுக்காமல் பரதீசுக்குப் போகவில்லையா என்று சிலர் கேட்பார்கள். அவனுடைய கைகள் ஆணியில் இருந்தன. உங்களை ஏமாற்றியவரின் கைகளுக்கு அப்படித் தடை ஏதும் இல்லை.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். ஒருவன் வினையை இன்னொருவன் சுமக்கலாகாது என்ற உங்கள் எண்ணம் வேதாகமத்துக்குப் புறம்பானது என்று நினைத்துவிடாதீர்கள். எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரம் முழுவதும் அதைத்தான் சொல்கிறது: தகப்பனுடைய அக்கிரமத்தை மகனும், மகனுடைய அக்கிரமத்தைத் தகப்பனும் சுமப்பதில்லை. பொன் கன்றுக்குட்டியை வணங்கிய ஜனங்களுக்காக மோசே தன்னையே கொடுக்க முன்வந்து, என் பேரை உமது புஸ்தகத்திலிருந்து கிறுக்கிப்போடும் என்று வேண்டியபோது, தேவன் அதை ஏற்கவில்லை. தன் சகோதரனை மீட்க எந்த மனிதனாலும் முடியாது என்று நாற்பத்தொன்பதாம் சங்கீதமும் கூறுகிறது. ஆகவே சிலுவையில் தொங்கியவர் ஒரு மூன்றாம் ஆள் என்றால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் மரணம் நமக்கு நீதியைத் தராது. உங்கள் மறுப்பே நிற்கும்.

கிறிஸ்தவ நம்பிக்கை வேறு ஒன்றைச் சொல்கிறது. சிலுவையில் இருந்தவர் வெளியிலிருந்து பிடித்துவரப்பட்ட ஒருவர் அல்லர். குற்றத்தால் காயப்பட்ட தேவனே அவர். தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று இயேசுவின் அப்போஸ்தலரான, அதாவது அவர் அனுப்பிய தூதரான, பவுல் கொரிந்து நகரத்துச் சபையாருக்கு எழுதியதன் பொருள் அதுதான். என் ஜீவனை ஒருவனும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, நானே அதைக் கொடுக்கிறேன் என்று இயேசு சொன்னதை யோவான் பத்தாம் அதிகாரத்தில் காணலாம். கோபமுள்ள தந்தை, விருப்பமில்லாத மகன், நடுவில் ஒரு கொலை என்று சில பிரசங்கங்களில் வரைந்து காட்டப்படும் படம், பிதாவையும் குமாரனையும் இரண்டு கடவுள்களாகப் பிரித்துவிடுகிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவ நம்பிக்கைக்கே அது விரோதமானது. அப்படிப் பிரசங்கிப்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் சிலுவையின் பெயரால் தேவனுடைய முகத்தை அச்சம் தருவதாக மாற்றிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

நேராக மன்னித்துவிட்டுப் போகலாமே என்கிறீர்கள். கொடுக்கல்வாங்கலைப் பிறந்தது முதல் பார்த்திருக்கும் உங்களுக்கு ஒன்றை நினைவூட்டினால் போதும். கொடுத்த கடனை ஒருவர் மனமுவந்து தள்ளிவிட்டால், அந்தத் தொகை எங்கேயோ மறைந்து போய்விடுவதில்லை. வாங்கியவர் பெயரில் பற்று நேராகும், கொடுத்தவருடைய ஐந்தொகையில் அதே தொகை நட்டமாக ஏறும். செலவில்லாத மன்னிப்பு என்று ஒன்று கிடையாது. செலவு யாருடையது என்பதுதான் கேள்வி. தேவன் நேராகத்தான் மன்னித்தார். அந்த மன்னிப்பின் செலவு அவர் பக்கத்தில் என்னவாக இருந்தது என்பதை மனிதக் கண்கள் பார்த்த இடம், இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதா. இந்த ஒப்புமையை இதற்குமேல் நீட்டக் கூடாது, ஏனெனில் பாவம் வெறும் கடன் மட்டுமன்று. அது நோயாகவும் அடிமைத்தனமாகவும் வேதாகமத்தில் பேசப்படுகிறது.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பவுல் தம் நண்பர் பிலேமோனுக்கு ஒரு சிறிய நிருபம் எழுதினார். பிலேமோனின் வீட்டைவிட்டுப் போய்விட்ட ஒநேசிமு என்ற அடிமை பவுலிடம் வந்து விசுவாசியானான். அவனைத் திருப்பி அனுப்பும்போது பவுல், பழையதெல்லாம் சிலுவையில் போயிற்று, பேசாமல் விட்டுவிடு என்று பிலேமோனுக்கு எழுதவில்லை. அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளும், நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். சிலுவையை உண்மையாக அறிந்த ஒருவர் பாதிக்கப்பட்டவரிடம் பேசும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

தேவகோட்டை ஆசிரியை எழுதியது:

நான் கத்தோலிக்க மறையைச் சேர்ந்தவள். ஊழியர் ஐயா எழுதியதில் பெரும்பகுதியை அப்படியே ஏற்கிறேன். ஆயினும் சிலுவையின் பொருளுக்குத் திருச்சபையில் ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு என்ற எண்ணம் கேட்டவருக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இயேசு கடவுளும் மனிதருமானவர் என்பதைத் திருச்சபையின் பொதுச்சங்கங்கள், அதாவது ஆயர்கள் கூடிய பேரவைகள், வரையறுத்துக் கூறின. அவருடைய சாவு எவ்வாறு நம்மை மீட்கிறது என்பதற்கு அப்படி ஒற்றை வரையறையை எந்தப் பழம்பெரும் சங்கமும் விதிக்கவில்லை. நம்பிக்கை அறிக்கையில் நாங்கள் சொல்வதெல்லாம், மனிதர் நமக்காகவும் நம் மீட்புக்காகவும் அவர் இறங்கி வந்தார், நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதுதான். இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயராக இருந்த இரனேயு, ஆதாம் கெடுத்த மனித வாழ்வு முழுவதையும் கிறிஸ்து முதலிலிருந்து வாழ்ந்து செம்மைப்படுத்தினார் என்று விளக்கினார். தொடக்கத் திருச்சபையின் தந்தையர் பலர், சாவின்மீதும் தீய ஆற்றல்கள்மீதும் கடவுள் பெற்ற வெற்றியாகச் சிலுவையைக் கண்டார்கள். கடவுளுக்கு உரிய மாண்பை மனிதன் பறித்தான், அதற்கு ஈடு செய்ய வேண்டியவன் மனிதன், செய்ய வல்லவர் கடவுள் மட்டுமே, ஆகவே கடவுள் மனிதரானார் என்று 1098 அளவில் கான்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் எழுதினார். அடுத்த தலைமுறையில் அபெலார்டு, சிலுவையில் வெளிப்பட்ட அன்பு நம் உள்ளத்தைத் தொட்டு அன்பை எழுப்புவதே மீட்பு என்றார். நமக்கு வர வேண்டிய தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார் என்ற விளக்கத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் போன்ற சீர்திருத்தவாதிகள் வலுவாக எடுத்துரைத்தார்கள். நம் ஊர்ப்பக்கம் ஒலிபெருக்கியில் கேட்பது பெரும்பாலும் இந்தக் கடைசி விளக்கத்தின் சுருக்கம்தான். அதற்கும் எசாயா ஐம்பத்துமூன்றாம் அதிகாரத்தில் வலுவான ஆதாரம் உண்டு, ஆனால் அதை மட்டும் தனியே பிரித்துச் சொல்லும்போது மீட்பு என்பது நீதிமன்றத்தில் கிடைக்கும் விடுதலையாகக் குறுகிவிடுகிறது. அதன்பின் எப்படி வாழ வேண்டும் என்பது அந்த வரைபடத்தில் இடம்பெறுவதேயில்லை. உங்களை ஏமாற்றியவர் சொன்ன சாட்சி அந்தக் குறுகலிலிருந்து பிறந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

எங்கள் வழிபாட்டில் ஒப்புரவு அருட்சாதனம் உண்டு. பாவத்தை அறிக்கையிட்டவுடன் குருவானவர் மன்னிப்பு வழங்குகிறார். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று திருச்சபை சொல்வதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459ஆம் பத்தியில், தீங்கைச் சரிசெய்ய இயன்றதைச் செய்ய வேண்டும் என்று கூறி, திருடிய பொருளைத் திருப்பித் தருவதை முதல் எடுத்துக்காட்டாக வைக்கிறது. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது. பாவம் விளைவித்த சேதம் அப்படியே கிடக்கிறது, அதைச் சீர்செய்யும் கடமையும் கூடவே கிடக்கிறது.

நம்பிக்கையா நற்செயலா என்று கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்ட பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் தகுதியால் அல்லாமல் அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்த அருளே நம் உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறது என்பது அதன் சாரம். செயல் மீட்புக்கு விலையாக இருக்க முடியாது. செயலே இல்லாத மீட்பும் இருக்க முடியாது.

நம் பக்கத்துக்கு உரிய ஒரு சான்றும் உண்டு. தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகப் போனால் ஓரியூர். லிஸ்பனில் 1647இல் பிறந்து மறவ நாட்டில் மறைபரப்பிய புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார். அவர் இரத்தம் பட்டுச் சிவந்ததாக மக்கள் நம்பும் மண்ணை இன்றும் எடுத்துச் செல்கிறார்கள். அவர் சாவுக்கு வழிவகுத்த நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். தடியத்தேவர் என்ற இளவரசர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, மனைவியரில் ஒருவரைத் தவிர மற்றவர்களை விலக்கினாலன்றித் திருமுழுக்குத் தர இயலாது என்று அருளானந்தர் உறுதியாக நின்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர், மறவ நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவினர்; அந்த முறையீட்டிலிருந்துதான் கைதும் மரண தண்டனையும் வந்தன. விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் வாழ்வு என்னவாயிற்று என்று ஒரு பெண்ணாக எனக்குக் கவலை உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் பெரிய இடத்து மனிதர் ஒருவர் மதம் மாறுகிறார் என்பதற்காக, வாழ்வை மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லி எளிதாகத் தண்ணீர் ஊற்றிவிட அவர் ஒப்பவில்லை. அதன் விலையைத் தம் உயிரால் கொடுத்தார்.

குன்றக்குடி அன்பர் எழுதியது:

இருவரின் விளக்கங்களையும் ஆர்வத்தோடு படித்தேன். சைவ சித்தாந்தம் பயின்றவன் என்ற முறையில், வினைக்கோட்பாட்டைப் பற்றி ஒரு திருத்தமும் பிறகு ஒரு கேள்வியும் வைக்கிறேன்.

வினை தானே இயங்கும் எந்திரம் என்று சித்தாந்தம் சொல்வதில்லை. வினை அறிவற்ற சடப்பொருள். அதன் பயனை உயிருக்குக் கூட்டுவிப்பவன் இறைவன், அவன் அதைச் செய்வதும் உயிரைப் பிணித்திருக்கும் அழுக்காகிய மலம் பக்குவப்படுவதற்காகவே. வீடுபேறு தன் முயற்சியால் கிடைப்பதன்று, திருவருளால் கிடைப்பது. ஆகவே அருளா வினையா என்ற எதிர்ப்பை நம் இரு சமயங்களுக்கும் நடுவில் கோடாகக் கிழிக்க வேண்டியதில்லை. தேவர்களையும் அசுரர்களையும் காக்க ஆலகால விடத்தைத் தானே உண்டு கண்டம் கறுத்த இறைவனை நாங்கள் வழிபடுகிறோம்; பிறர் துன்பத்தைத் தான் ஏற்கும் கடவுள் எங்களுக்கு அயலானவன் அல்லன்.

என் கேள்வி இதுதான். நஞ்சுண்ட எம்பெருமான் இறக்கவில்லை. பிறப்பும் இறப்பும் இல்லாதவன் என்பதே அவனுக்கு இலக்கணம். சிலுவையில் தொங்கியவர் கடவுளே என்றால் கடவுள் இறந்தார் என்று ஆகிறது. இறக்கக்கூடிய ஒன்று கடவுளாக இருப்பது எப்படி? இறக்காமலே காக்க வல்லவர் ஏன் இறக்க வேண்டும்?

காரைக்குடி சபை ஊழியர் எழுதியது:

ஐயா, உங்கள் திருத்தத்துக்கு நன்றி. வினையைப் பற்றி மேடைகளில் பேசுகிற எங்கள் ஊழியர்கள் பலர் அதைப் படித்தால் நல்லது.

உங்கள் கேள்வியைத் திருச்சபையும் தன் முதல் ஐந்து நூற்றாண்டுகளில் தனக்குள்ளேயே கேட்டுப் போராடியது. 451இல் கல்கெதோன் சங்கம் சொன்ன விடை, கிறிஸ்து ஒருவரே, அவருக்குத் தேவத்தன்மையும் மனிதத்தன்மையும் கலவாமலும் பிரியாமலும் உண்டு என்பது. தேவத்தன்மை அழியவில்லை, தேவகுமாரன் தாம் எடுத்துக்கொண்ட மனிதத்தன்மையில் உண்மையாகவே மரித்தார். நடிப்பாகவோ தோற்றமாகவோ மரிக்கவில்லை.

ஏன் மரிக்க வேண்டும் என்பதற்கு நான்காம் நூற்றாண்டின் நசியான்சு கிரெகோரியார் சொன்ன ஒரு கருத்து எனக்குப் பெரிதும் உதவியது: கிறிஸ்து எதை ஏற்கவில்லையோ அது குணமாக்கப்படவில்லை. மனிதனுடைய நோயின் அடி மரணத்தில் இருக்கிறது. மரணபயத்தினால் ஜீவகாலமெல்லாம் அடிமைத்தனத்துக்குள்ளானவர்களை விடுவிக்கவே அவர் மாம்சத்தையும் இரத்தத்தையும் உடையவரானார் என்று எபிரெயர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. நஞ்சு தீண்டாத இடத்திலிருந்து காப்பாற்றும் வல்லமை அவருக்கு உண்டு. ஆனால் அவர் செய்ய விரும்பியது மரணத்துக்கு உள்ளே நுழைந்து அதை அங்கேயே முறிப்பது. ஆலகாலம் உண்ட வரலாறும் சிலுவையும் அன்பில் ஒத்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. வேறுபடும் இடம் இது. அதோடு, பொந்தியு பிலாத்து தேசாதிபதியாக இருந்த காலத்தில், எருசலேமுக்கு வெளியே, இன்ன விதமாக நடந்தது என்று வரலாற்றின் ஒரு நாளோடு எங்கள் நம்பிக்கை கட்டப்பட்டிருக்கிறது.

மரணத்தின் வகையையும் கவனிக்க வேண்டும். சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரியது. ரோமக் குடிமகனுக்குப் பொதுவாக அந்தத் தண்டனை கிடையாது. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் எழுந்த கலகம் கிமு 71இல் அடக்கப்பட்டபோது, பிடிபட்ட ஆறாயிரம் பேரை ரோமுக்குப் போகும் ஆப்பியன் பெருவழி நெடுகச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். ஆடை உரியப்பட்டு, வழிப்போக்கர் ஏளனம் செய்ய, மூச்சுக்குத் திணறிச் சாவது அது. யூதருக்கோ, மரத்தில் தூக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று அவர்கள் பிரமாணத்திலேயே எழுதியிருந்தது. என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரியை அங்கிருந்து இயேசு கூப்பிட்டார். கைவிடப்பட்டோம் என்று கதறும் எவரும் இனி தேவன் இல்லாத இடத்தில் நின்று கதறவில்லை. பள்ளத்தூர் ஐயா ஏமாந்தவர்களுக்கு என்ன இடம் என்று கேட்டார். சிலுவையில் தேவன் நின்ற இடமே அநியாயத்துக்கு ஆளானவனின் இடம்தான்: பொய்ச்சாட்சி, விலை பேசிக் காட்டிக்கொடுத்த நண்பன், குற்றமில்லை என்று தெரிந்தே கைகழுவிய அதிகாரி, எல்லாம் அங்கே உண்டு. குற்றவாளிக்கு மன்னிப்பு அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே அதைப் பெற்றுக்கொள்ள வருபவன், தன்னால் காயப்பட்டவர்களின் முகத்தைப் பார்க்காமல் அதைப் பெற முடியாது.

மூன்றாம் நாளில் அவர் உயிர்த்தெழவில்லை என்றால் இவ்வளவும் ஒரு நல்ல மனிதரின் துயரக்கதையாக மட்டும் நின்றிருக்கும். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே எழுதியிருக்கிறார். அடிபட்டவனின் பக்கத்தில் தேவன் நின்றார் என்பதோடு, அடித்தவர்களின் தீர்ப்பை அவர் ரத்து செய்தார் என்பதும் எங்கள் சுவிசேஷத்தின் பகுதி.

பள்ளத்தூர் வாசகர் எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. எல்லாம் எனக்கு ஏற்புடையதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. நான் சைவனாகவே இருக்கிறேன், இருப்பேன். ஆனால் தந்தை மகனைக் கொன்றார் என்று இத்தனை காலம் நான் வெறுத்துவந்த சித்திரம் கிறிஸ்தவர்களின் நம்பிக்கையே அன்று என்பது தெளிவாயிற்று. மோசே தன்னைக் கொடுக்க முன்வந்தும் மறுக்கப்பட்டார் என்ற செய்தி எனக்குப் புதியது. என் மறுப்பை அவர்கள் வேதமே முதலில் சொல்லியிருக்கிறது என்று அறிந்து வியந்தேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த மனிதர் நாளைக்கே வந்து மன்னிப்புக் கேட்டால், சிலுவையைச் சொல்லி என்னை மன்னிக்கும்படி வற்புறுத்துவார்களா? உறவினர் ஒருவர் ஏற்கெனவே, 'அவரே மனம் திரும்பிவிட்டார், நீ இன்னும் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கலாமா' என்று கேட்டுவிட்டார். அந்தச் சொல், போன பணத்தைக் காட்டிலும் வலித்தது.

தேவகோட்டை ஆசிரியை எழுதியது:

அண்ணே, அப்படி வற்புறுத்த எவருக்கும் உரிமை இல்லை. மன்னிக்க வேண்டும் என்பது இயேசு தம் சீடர்களுக்கு இட்ட கட்டளை. தீங்கு செய்தவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தீங்குக்கு ஆளானவரைக் குறுக்கு விசாரணை செய்ய அதில் இடமில்லை. தந்தையே, இவர்களை மன்னியும் என்று சிலுவையில் மன்றாடியவர் அடிபட்டவர். ஆணி அடித்தவர்கள் அவரிடம் போய், நீர் மன்னிக்கக் கடமைப்பட்டவர் என்று கேட்கவில்லை. நீங்கள் மன்னிக்கும் நாள் ஒன்று வந்தால் அது உங்கள் உள்ளத்திலிருந்து வர வேண்டும். மன்னித்தாலும் உங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்பது தவறாகாது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

அவர் எந்தச் சபைக்குப் போகிறாரோ அங்குள்ள போதகருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதலாம் என்பது என் யோசனை. வசை ஏதும் வேண்டாம். நடந்ததையும், தொகையையும், ஆண்டையும் மட்டும் எழுதி, பேரேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணையுங்கள். தம் சபையில் ஒருவர் சொன்ன சாட்சிக்குப் பின்னால் இப்படி ஒன்று இருக்கிறது என்று அறிந்துகொள்ளும் பொறுப்பு அந்தப் போதகருக்கு உண்டு.

காரைக்குடி சபை ஊழியர் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதை நானும் வழிமொழிகிறேன். எங்கள் தரப்பிலிருந்து ஒருவர் உடன் வந்தால் பேச எளிதாக இருக்கும் என்று நீங்கள் கருதினால், நான் வரத் தயாராக இருக்கிறேன், தனிச்செய்தியில் தெரிவியுங்கள். கடிதம் எழுதும்போது லூக்கா பத்தொன்பதாம் அதிகாரத்தின் முதல் பத்து வசனங்களையும் பிலேமோன் நிருபத்தையும் அதில் குறிப்பிடுங்கள். அந்த நிருபம் மொத்தமே இருபத்தைந்து வசனங்கள்தான், ஒரே அமர்வில் படித்துவிடலாம். பதினெட்டாம் வசனத்தைப் போதகர் அந்த மனிதருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.